புளியறையில் இறங்கி நடந்தவள்

கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. செங்கோட்டை தாண்டிய பிறகுதான் பரீது அதைக் கவனித்தான். சாரலுக்குக் காரின் எல்லாக் கண்ணாடியும் மங்கித்தான் கிடந்தது. ஆனால் அவன் மனைவி மெஹர் பானு சாய்ந்திருந்த பக்கம், சரியாக அவள் வாய்க்கு நேரே, சின்ன வட்டம் ஒன்று தனியாக வெளுத்திருந்தது. துண்டால் துடைத்தான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி வந்துவிட்டது.

மெஹர் பானு மத்தியானமே கண்ணை மூடிவிட்டாள். குற்றாலத்து லாட்ஜில், அவன் மடியில்தான் உயிர் போனது. அருவித் தண்ணீர் பட்டால் காய்ச்சல் இறங்கும் என்று புனலூரிலிருந்து கூட்டி வந்திருந்தான் பாவி மனுஷன். தினமும் அவள் ஊருக்குப் போவோம் என்றாள். தினமும் அவன், இன்னும் ஒரு குளிப்பு, நாளைக்குப் போவோம் என்றான். கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான்: புனலூரில் உம்மா கபருக்குப் பக்கத்தில் தன்னை அடக்க வேண்டும்.

விஷயம் தெரிந்தால் எல்லையில் போலீஸ், ஆஸ்பத்திரி என்று இழுப்பார்கள், அறுத்துப் பார்ப்பார்கள். அந்த உடம்பில் கத்தி படுவதை அவனால் நினைக்கவே முடியவில்லை. வழி சொன்னவன் கடற்கரை என்ற பெயர்கொண்ட டாக்சிக்காரன். சீசனுக்கு வந்த ஆட்களைப் போலவே திரும்ப வேண்டுமாம். அதனால் ஜன்னலில் ஈரத்துண்டு தொங்கியது, அவள் மடியில் மங்குஸ்தான் கூடை இருந்தது. மேலே வெள்ளைத் துப்பட்டி. அதற்குள்ளே, இறந்தவர்களுக்குச் செய்யும் முறைப்படி, வாய் திறக்காதபடி தாடையைத் துணியால் தூக்கி உச்சியில் முடிச்சுப் போட்டிருந்தான். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தான்.

புளியறை எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றன. டீசல் நாற்றம், பரோட்டாக் கல்லின் புகை, தகரக் கூரையில் விடாமல் மழை. அரிசி கடத்தும் காலம் என்பதால் காவல்காரர் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்தார். ஆட்களை இறக்கி நடக்க விட்டு, வண்டியைத் தனியாகச் சோதித்தார்கள். இந்தப் புதுக் கெடுபிடி கடற்கரைக்கே தெரியாது.

பரீது மட்டும் இறங்கினான். வீட்டுக்காரிக்குக் காய்ச்சல், தூங்குகிறாள் என்று சொல்லத் தொடங்கினான். காவல்காரர் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"அந்தம்மாதான் எறங்கிட்டாகளே. நடங்க."

கார்க் கதவு சாத்தும் சத்தம். மங்குஸ்தான் பழங்கள் தார் ரோட்டில் உருண்டு அவன் காலில் வந்து முட்டின.

அவன் திரும்பவில்லை. நடந்தான். தடுப்புக் கம்பு பக்கம்தான், ஆனால் நெருங்கவே மாட்டேன் என்றது. பின்னால் சத்தம் வந்தது. அது காலடி இல்லை. ஈரத்தில் ஒரு தத்தல். நின்றது. மறுபடி ஒரு தத்தல்.

விரலைக் கட்டியவன் அவன்தான்.

கம்புக்கு முன்னால் சத்தம் நின்றுவிட்டது. பிடரியில் மூச்சுப் பட்டது. குளிர்ந்த மூச்சு. யா அல்லாஹ், உயிரோடுதான் இருந்தாளா? கட்டும்போதும் இருந்தாளா? ஆசையும் பயமும் சேர்ந்து அவனைத் திருப்பின. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சேற்றில் மண்டியிட்டான். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தான். விரல்கள் விறைத்து, கல்லாகச் சில்லிட்டிருந்தன. அவை மெல்ல விலகின.

"சீக்கிரம் போங்கய்யா," என்று காவல்காரர் கம்பைத் தூக்கினார்.

அந்தப் பக்கம் புனலூர் ரோடு மழையில் ஏறிப் போனது. அவள் போகவில்லை. அவனுக்கு முன்னால் மெதுவாகக் குனிந்தாள். துப்பட்டி சரிந்தது. உச்சியில் அவன் போட்ட முடிச்சு, அவன் கண்ணுக்கு நேரே.

இதையும் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் பேசுவாள். என்ன பேசுவாள் என்று அவனுக்குத் தெரியும்: குற்றாலத்தில் தினமும் சொன்னதைத்தான்.

அவன் கை எழவில்லை. அவள் குனிந்தபடியே நின்றாள்.