புயல்காரனின் அக்கா

அவளுடைய இரண்டு கைகளையும் சூடான மெழுகில் முக்கி எடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்து, மேலே தடித்த துண்டைச் சுற்றிவிட்டார் பிசியோதெரபி அம்மா.

"இருபது நிமிஷம். போன் வந்தாலும் சரி, பூகம்பம் வந்தாலும் சரி, அசையக் கூடாது."

எதிர் நாற்காலியில் இருந்தவனுக்கும் அதே கோலம்தான். குத்துச்சண்டைக்கு வந்த இடத்தில் தூக்கம் வந்துவிட்ட இரண்டு பேரைப் போல எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மழை... நிற்கும் எண்ணமே இல்லாத மழை.

அவளுடைய பைக்குள் போன் அலறியது. அலுவலகம்தான். கேம் கதையின் மூன்றாம் பாகத்தை எழுதுவாளா மாட்டாளா என்று மாதக் கடைசிக்குள் சொல்லியாக வேண்டும். மாட்டேன் என்று மனதுக்குள் எப்போதோ முடிவாகிவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்லக்கூடத் தெம்பில்லை.

"உங்க பை ரொம்ப நேரமா அழுவுது" என்றான் அவன்.

"அழட்டும்."

"எடுத்துக் குடுக்கலாம்னா... எனக்கும் கை இல்ல."

சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. நிமிர்ந்து பார்த்தாள். தூக்கம் கெட்ட கண்கள்தான்... ஆனால் எதிரில் இருப்பவர் சொல்வதைக் கடைசிவரை கேட்கும் கண்கள். சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கைக்கு என்ன?" என்று கேட்டாள்.

"பட்டன் அமுக்கி அமுக்கி வந்த வலி. கேம் விளையாடிட்டு அதுல குறை சொல்றது என் தொழில். உங்களுக்கு?"

"எழுதி எழுதி..."

இந்தக் குரல்... இழுத்து இழுத்துப் பேசும் இந்தத் தூக்கக் குரல்... இது தூங்குமூஞ்சியின் குரல். அந்தப் பெயரில்தான் அவன் யூடியூப் சேனல் நடத்துகிறான். முகத்தைக் காட்டியதே இல்லை. திரையில் இரண்டு கைகளும் இந்தக் குரலும் மட்டுமே.

'புயல்காரன்' விளையாட்டின் இரண்டு பாகங்களுக்கும் கதை எழுதியவள் அவள். முதல் பாகத்தில் புயலையே கையால் தடுத்து நிறுத்தும் நாயகன், வீட்டுக்கு லேட்டாகப் போனால் அக்காவுக்குப் பயப்படுவான். அந்தப் பயத்துக்காகவே அவனை எல்லோருக்கும் பிடித்தது. இரண்டாம் பாகத்தில் அக்காவைக் காணோம். செத்தாளா, ஊருக்குப் போனாளா, ஒரு வார்த்தை கிடையாது. நகரத்தையே நாசம் செய்த வில்லன் ஒரே வசனத்தில் திருந்திவிடுகிறான். நாயகன் பயப்படுவதில்லை, அழுவதில்லை. அடிக்கிறான்... அவ்வளவுதான்.

தூங்குமூஞ்சி இதையெல்லாம் நாற்பது நிமிடம் புட்டுப் புட்டு வைத்திருந்தான். அத்தனையும் நியாயம். ஆனால் கடைசியில் ஒன்று சொன்னான்: "பாசம்னா என்னன்னு தெரிஞ்சவங்க இப்படி எழுத மாட்டாங்க." நானூறு விமர்சனங்களைப் படித்தும் கேட்டும் தாங்கியவளால் அந்த ஒரு வரியைத் தாங்க முடியவில்லை.

'நான்தான் அது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் இந்தக் கண்கள் இனி இப்படிப் பார்க்காது...

ஒன்றுவிட்டு ஒரு நாள், மொத்தம் ஆறு முறை சிகிச்சை. நேரத்தை மாற்றிக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தாள். ஒவ்வொரு முறையும் அதே ஐந்து மணிக்கு வந்து நின்றாள். நான்காம் நாள் கண்ணாடி முன்னால் கூடுதலாக இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, வெட்கம் கெட்டவளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் அவனே ஆரம்பித்தான்.

"புயல்காரன் ரெண்டாம் பாகத்த மறுபடி விளையாடிப் பார்த்தேன். அந்த அக்காவ ஏன் தூக்கினாங்கன்னு மட்டும் புரியவே மாட்டேங்குது."

"நான்தான் தூக்கினேன்."

அவன் முகத்தில் இருந்த தூக்கமெல்லாம் போய்விட்டது. "நீங்க...?"

"பாசம்னா என்னன்னு தெரியாதவ. நீங்க சொன்னீங்களே..."

மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தாள். அவனோ, "கதை நல்லா இல்லதான். உங்களத் தெரிஞ்சுபோச்சுன்னு அத மாத்திச் சொல்ல முடியாது" என்றான்.

"மாத்தச் சொல்லி யாரு கேட்டா?"

விருட்டென்று எழுந்து கதவுவரை போனாள். துண்டு சுற்றிய கைகளால் கைப்பிடியைத் திருப்ப முடியவில்லை. இடித்துப் பார்த்தாள், முட்டிப் பார்த்தாள். அவன் எழுந்து வந்து முழங்கையால் கைப்பிடியை அழுத்தி, காலால் கதவை இழுத்துப் பிடித்தான்.

"போங்க" என்றான் மெல்ல. அந்த உதவியைத்தான் அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

மெழுகுக் கையோடு மழையில் நனைந்து போய் நின்றது அக்காவின் வீட்டு வாசலில்.

"என்னடி இது வேஷம்?"

அக்கா மெழுகை உரித்துப் போட, அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். முதல் பாகம் வந்தபோது, "என் கோபத்தையும் கத்தலையும் ஊரே பார்க்குது, இனிமே என்னை எழுதாதே" என்று அக்கா ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். அந்தப் பயத்தில்தான் கதையிலிருந்த அக்காவை அடியோடு எடுத்தாள். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

"என்னை எழுதாதேன்னுதானே சொன்னேன்" என்றாள் அக்கா. "அதுக்காக அந்தப் புள்ளைய அநாதையாக்கிட்டியா? பாவி... கத்துறவளாவே எழுது. நான் கத்துறவதான்." சொல்லி முடிப்பதற்குள் அக்காவுக்கே குரல் உடைந்தது. இருவரும் அழுதார்கள்.

ஆறாம் நாள் அவன் அவளுக்கு முன்பே வந்து காத்திருந்தான். கண்கள் முன்னைவிடக் களைத்திருந்தன.

"பாசம் தெரியாதவங்கன்னு சொன்னது விமர்சனம் இல்ல. பார்க்காத ஆளைப் பத்தி வாய்க்கு வந்ததப் பேசினது. தப்பு என்னோடதுதான்னு சேனல்லயே சொல்லிட்டேன். மத்தது அப்படியேதான் இருக்கு."

"மத்தது சரியாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றாள். அக்காவின் கதையையும் சொன்னாள். அவன் கடைசிவரை கேட்டான்.

"மூணாம் பாகம் எழுதுவீங்களா?"

"எழுதினா மறுபடியும் நாற்பது நிமிஷம் கிழிப்பீங்க."

"இல்ல... நான் அதப் பத்திப் பேச முடியாது." தரையைப் பார்த்தான். "எங்க தொழில்ல ஒரு வழக்கம். மனசுக்கு வேண்டியவங்க செஞ்ச கேமுக்கு விமர்சனம் பண்ணக் கூடாது. விலகிக்கணும். நேத்தே அறிவிச்சுட்டேன்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் காதுமடல்வரை சூடேறியது.

"என்னைக் கேட்காமலேயா?"

"உங்க மனசு எனக்குத் தெரியாது. என் மனசு தெரியும். நீங்க வேண்டாம்னு சொன்னாலும் நான் நடுநிலையா இருக்க முடியாதே..."

எத்தனை நாள் அலுப்பு... எங்கே போனது? கண்கள் குளமாகிவிட்டன. துடைக்கத் தோன்றவில்லை.

"எழுத மூணு வருஷமாகும்" என்றாள்.

"ஆகட்டும்."

"நடுவுல எரிஞ்சு விழுவேன். சரியா சாப்பிட மாட்டேன், தூங்க மாட்டேன்."

"பரவால்ல."

"அப்போ எழுதுறேன்." குரல் இறங்கியது. "எழுதி முடிச்சதும் மொதல்ல நீங்கதான் படிக்கணும். எனக்கும் நீங்க... ரொம்ப வேண்டியவர்."