கையெழுத்துக்குக் கீழே ஓர் எண்

வேன் அக்கா படியேறி வந்த சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்தது. கீழே நகலெடுக்கும் கடை, மேலே ஒற்றை அறை. அறையில் இரண்டு பெண்கள், இரண்டு மேசைகள், முனகுகிற ஒரு மின்விசிறி. நகல் கடைக்காரர் வைத்த பெயர்கள் நீதிமன்ற வளாகம் முழுக்கப் பரவியிருந்தன. துப்பறிகிறவள் நிதானம். அவளோடு வேலை பார்ப்பவள் அவசரம். அவசரத்துக்கு அந்தப் பெயர் பிடிக்காது. மறுத்துப் பேசத்தான் நேரம் கிடைத்ததில்லை.

பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குவது அக்காவின் தொழில். உட்காராமலே விஷயத்தைக் கொட்டினாள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டை வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறாள். ஆசிரியை இறந்துபோய், வீடு உயில்படி அவர் தங்கைக்கு வந்திருக்கிறது. விற்பவர் அந்தத் தங்கைதான். ஆனால் உயில் மெய்தான் என்று நீதிமன்றம் புரோபேட் உத்தரவு கொடுத்தால்தான் பத்திரம் பதிய முடியும். ஆசிரியையின் அண்ணன் மகன் ஆட்சேபம் போட்டு எட்டு மாதமாக இழுத்தடிக்கிறான். ஒப்பந்தம் முப்பதாம் தேதியோடு காலாவதி. அதற்குள் உத்தரவு வராவிட்டால் அண்ணன் மகனோடு சமாதானமாகப் போய்விடுவதாகத் தங்கை சொல்லிவிட்டார். இன்று பத்தொன்பது.

"வேற வீடே கிடைக்கலயாக்கா?" என்றாள் அவசரம்.

"தரைத்தளம், வாசல்ல ரெண்டே படி. அப்படி ஒண்ணு காட்டு, இதை விட்டுடறேன்" என்றாள் அக்கா. "என் வீட்டுக்காரரு லிஃப்ட் மெக்கானிக். விழுந்து இடுப்புக்குக் கீழ அசைவு போயிடுச்சு. பதினாலு மாசமா, லிஃப்ட் இல்லாத மூணாவது மாடியில இருக்காரு. சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ, அவரே சிரிப்பாரு. இந்தப் பதினாலு மாசத்துல தெருவைப் பாத்தது மூணு தடவை. நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. மூணு தடவையும் ஆஸ்பத்திரிக்கு."

அவசரம் சிரிக்கவில்லை.

நிதானம் உயிலின் நகலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு சாட்சிக் கையெழுத்துகள். முதலாவது அடுத்த தெரு மருத்துவருடையது, அவரும் இறந்துவிட்டார். இரண்டாவது, பெயரென்று படிக்கவே முடியாத ஒரு கிறுக்கல். கோட்டில் நிற்காமல் மேல்நோக்கி ஏறியிருந்தது. அதற்குக் கீழே 417. முகவரி கிடையாது. இப்படி ஒரு ஆளே உலகத்தில் இல்லை, உயிலே போலி என்பதுதான் அண்ணன் மகனின் கட்சி.

"வக்கீலு என்ன பண்ணாரு?" என்று கேட்டாள் நிதானம்.

"ஊர்ல நானூத்திப் பதினேழுன்னு கதவு எண் இருக்கற வீடு பூரா ஆள் அனுப்பினாரு. ஒருத்தரும் அந்த டீச்சரம்மா பேரைக்கூடக் கேள்விப்பட்டதில்ல."

மறுநாள் மூவரும் வீட்டைப் பார்க்கப் போனார்கள். ஆசிரியை இறந்ததும் வீட்டைப் பூட்டியவன் அண்ணன் மகன்தான், சாவி அவனிடம் மட்டுமே இருந்தது. பளபளக்கும் செருப்பைத் தூசியில் படாமல் தூக்கித் தூக்கி வைத்து நடந்தான். பேச்சில் மட்டும் தாராளம். அத்தை இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, ஒரு துரும்பைக்கூடத் தொடவில்லை என்று கேட்காமலே சொன்னான். வேன் அக்காவிடம், "உங்க வேனை நிறுத்தவே இங்க இடம் பத்தாதேக்கா" என்றான். "வேன் தெருவுல நிக்கும் தம்பி, அதுக்குக் கால் இருக்கு" என்று அக்கா திருப்பிக் கொடுத்தாள்.

கூடத்து நாள்காட்டி ஆசிரியை இறந்த மாதத்திலேயே நின்றிருந்தது. கடிகாரமும் நின்றிருந்தது. மேசை, நாற்காலி, மூக்குக்கண்ணாடிக் கூடு என்று எல்லாவற்றின் மேலும் ஒரே கனத்தில் தூசி. நிதானம் முன்னறையில், பூட்டிய கம்பிக் கதவுக்கு உட்புறம், மின் மீட்டருக்குக் கீழே நின்றுவிட்டாள். அங்கே ஓர் ஆணி. ஆணியில் அறுந்த நூல். அதன் கீழே மங்கிய சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளுத்த கட்டம். ஆணியை விரலால் தடவினாள். மற்ற இடங்களில் இருந்த கனத்துக்கு விரலில் தூசி ஒட்டவில்லை.

"இதுல என்ன தொங்கிச்சு?"

"காலண்டரா இருக்கும்" என்றான் அவன்.

திரும்பும் வழியில் அவசரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன்தான் திருடன், போலீசுக்குப் போகலாம் என்று தொடங்கினாள். நிதானம் தடுத்தாள்.

"எதைத் திருடினான்னு முதல்ல சொல்லு. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. கையெழுத்துக்குக் கீழ எண் போடறது யாரு?"

அவசரத்துக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான். கல்லூரியில் சேர்ந்த நாளில் பெற்றோர் என்ற இடத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். ஆலையில் இருபத்தாறு வருடமாகப் போட்ட பழக்கத்தில் கீழே 212 என்று டோக்கன் எண்ணையும் எழுதினார். அலுவலக எழுத்தர் அதைப் பக்கத்து மேசைக்குக் காட்டிச் சிரித்தார். அப்பாவும் கூடச் சிரித்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த எழுத்தர் மேலிருந்த கோபத்தைவிட, தன் மேலிருந்த கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

"வேலை செய்யற இடத்துல பேரைக் கேக்காம நம்பரைக் கேட்டாங்கன்னா, அவங்க போடுவாங்க" என்றாள் மெதுவாக. "வக்கீலுங்களுக்கு நம்பர்னா வீட்டு நம்பர்தான். ஆளுக்கே நம்பர் இருக்கும்னு தோணவே தோணாது."

"எனக்குங்கூடப் பாதிதான் தோணுச்சு" என்றாள் நிதானம். "கிறுக்கல் மேல ஏறுது இல்ல? மேசையில எழுதற கை அப்படிப் போகாது. சுவத்துல தொங்கற அட்டையில நின்னுக்கிட்டே எழுதிப் பழகின கை போகும்."

இருவரும் ஒரே நேரத்தில் நடையை நிறுத்தினார்கள். பின்னால் வந்த வேன் அக்கா இடித்துக்கொண்டாள்.

அடுத்த மூன்று நாள் அவசரம் தன் பெயருக்குப் பொருத்தமாக நடந்துகொண்டாள். மின் அலுவலகத்தில் நாளைக்கு வா என்றார்கள், நாளைக்குப் போனாள். பிற்பகல் வா என்றார்கள். பிற்பகல் வரை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பேரேட்டைத் திறந்து காட்டினார்கள்.

இருபத்து நான்காம் தேதி தங்கையின் வழக்கறிஞர் அறையில் எல்லாரும் கூடினார்கள். தங்கை, வேன் அக்கா, அண்ணன் மகன், அவனுடைய வழக்கறிஞர். நிதானம் குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"உயில்ல இருக்கற தேதியிலதான் அந்த வீட்டுக்கு மீட்டர் ரீடிங் எடுத்திருக்கு. எடுத்த ஊழியரோட எண் நானூத்திப் பதினேழு. மீட்டர் பக்கத்துல ஒரு அட்டை தொங்கும். ஒவ்வொரு தடவையும் ரீடிங், தேதி, கையெழுத்து, எண் நாலையும் அதுல போடுவாங்க. அதே கிறுக்கல், அதே தேதி, அதே எண். அந்த அட்டையும் உயிலும் பக்கத்துல பக்கத்துல இருந்தா எட்டு மாசம் இழுத்திருக்க முடியாது."

அட்டை எங்கேயாவது விழுந்திருக்கும் என்றான் அண்ணன் மகன்.

"டீச்சர் இறந்த பிறகும் ரெண்டு ரீடிங் வரைக்கும் அட்டை இருந்திருக்கு. நீங்க கதவைத் திறந்துவிட, புதுசா வந்த ரீடர் அதுல எழுதியிருக்காரு. மூணாவது தடவை பேரேட்டுல 'அட்டை இல்லை'ன்னு குறிச்சிருக்காரு. நடுவுல நடந்தது ஒண்ணுதான். உயில் நகலை உங்க கையில குடுத்தாங்க. சாவி உங்ககிட்ட மட்டும்தான். வீடு பூரா தூசி. அந்த ஆணியில மட்டும் கம்மி. நூலை அறுத்த அவசரத்துல ஆணியையும் துடைச்சிட்டீங்க. இப்படி ஒரு ஆளே இல்லன்னு கோர்ட்ல சத்தியம் பண்ணது அதுக்கு அடுத்த வாரம்."

அவன் தன் வழக்கறிஞரைப் பார்த்தான். அவர் தன் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவசரம் கதவைத் திறந்தாள். வெளியே பெஞ்சில் இருந்தவர் எழுந்து வந்தார். நரைத்த மீசை, சட்டைப்பையில் இரண்டு பேனா. இடமாற்றலாகி இப்போது கிடங்கில் வேலை. உயில் எழுதிய அன்று எதிர்வீட்டுக்காரர், சாட்சி போட்டு வம்பில் மாட்ட மாட்டேன் என்று மறுத்துவிட்டாராம். ரீடிங் எடுக்க வந்த இவரை ஆசிரியை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, உயிலைப் படித்துக் காட்டியிருக்கிறார். "என் கண் முன்னாடிதான் கையெழுத்துப் போட்டாங்க. டாக்டரும் இருந்தாரு. அஞ்சு வருஷம் அந்தத் தெருவுக்குப் போனேன். என் பேரைக் கேட்டது அவங்க ஒருத்தர்தான்."

"இப்ப நாங்களும் கேக்கறோம்" என்றாள் அவசரம்.

அவர் தகப்பனார் பெயரோடு சேர்த்து முழுசாகச் சொன்னார். வழக்கறிஞர் அதை வாக்குமூலத்தின் முதல் வரியில் எழுதினார். கையெழுத்து மேல்நோக்கி ஏறியது. பேனா தானாகக் கீழே இறங்கி, சட்டென்று நின்றது. அவர் தயங்கி நிமிர்ந்தார்.

"போடுங்க" என்றாள் அவசரம். "அதுவும் நீங்கதான்."

அன்று மாலையே ஆட்சேபம் வாபஸ். இருபத்தாறாம் தேதி விசாரணையில் மீட்டர்காரர் சாட்சி சொன்னார். இருபத்தெட்டில் உத்தரவு. இருபத்தொன்பதில் பத்திரம் பதிவானது.

பதிவு அலுவலக வாசலில் வேன் அக்கா கைபேசியை எடுத்தாள். அழுவாள் என்று அவசரம் எதிர்பார்த்தாள். அக்காவுக்கு அதற்கெல்லாம் பொழுதில்லை. பள்ளி விட இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

"சட்டையை மாத்திக்கிட்டு இரு. நாலு பேரைக் கூட்டிட்டு வரேன்."

அந்தப் பக்கத்துக் குரல் சலிப்போடு கேட்டது. "மறுபடியும் ஆஸ்பத்திரிக்கா?"

"இல்ல" என்றாள் அக்கா. "வீட்டுக்கு."