பதினோராவது படி

பொம்மை வீட்டின் நான்காவது படியை ஒட்டி விரலால் அழுத்தியபோது, முதுகுக்குப் பின்னால், வீட்டின் மரப்படிக்கட்டில் யாரோ கால் வைத்தார்கள்.

சிலுவைமுத்து திரும்பினான். யாரும் இல்லை. பக்கத்துப் பூட்டுப் பட்டறையில் அரத்தால் ராவும் ஓசை சாப்பாட்டு வேளைக்கு நின்றுபோயிருந்தது. அடுப்பில் உருகும் வச்சிரப் பசையின் தோல் நாற்றமும், தெருவில் காயும் புகையிலையின் காரமும் கூடத்தில் அசையாமல் தேங்கியிருந்தன. மனைவி அமலராணி சந்தைக்குப் போயிருந்தாள். மாடியில் மகள் ரோஸ்மேரி மட்டும். எட்டு வயது. ஐம்பத்தாறாம் வருஷத்துக் காய்ச்சல் அவள் கால்களை முடக்கி இரண்டு வருஷமாகிறது. அந்தப் படிகளில் மறுபடி அவள் காலடி கேட்க வேண்டும் என்பதைத் தவிர அவன் கோயிலில் வேறெதையும் வேண்டிக்கொண்டதில்லை.

பொம்மை வீடு அவள் கேட்டதுதான். மாடி வேண்டும், ஏறிப் போகப் படி வேண்டும். இந்த வீட்டைப் போலவே பதினொன்று. படிகள் ஒற்றைப்படையாகத்தான் இருக்க வேண்டும், வலது காலை வைத்து ஏறத் தொடங்கினால் மேலே போய்ச் சேர்வதும் வலது காலாக இருக்க வேண்டும் என்று அவன் விளக்கியபோது அவள் சிரித்தாள்.

"எனக்கு ரெண்டு காலும் சோம்பேறிதானப்பா."

ஐந்தாவதை ஒட்டினான். பின்னால் பலகை முனகியது, முன்பைவிட ஒரு படி மேலே. ஆறாவது. இன்னும் ஒன்று மேலே.

"தாயி, எந்திரிச்சியா?"

"படுத்துத்தான் இருக்கேன். யாருப்பா மேல வாரா?"

நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது காலடி ஓசை. வலது, இடது. ஒருவேளை, என்று நினைத்தான். அதற்கு மேல் நினைக்கத் துணியாமல் ஏழாவதை உப்புத்தாளில் தேய்த்து, வச்சிரம் தடவி, பக்கப்பலகையில் வெட்டிய காடிப் பள்ளத்தில் செருகினான். எட்டு. ஒன்பது. அது காய்வதற்குள் பத்து.

மேலே, கடைசிக்கு முந்திய படி நீளமாக முனகியது.

"அப்பா." குரல் தணிந்திருந்தது. "நிக்குது. ஏன் உள்ள வர மாட்டேங்குது?"

கையில் பதினோராவது படி. தீப்பெட்டி நீளம். அடுப்பில் போட்டான். பற்றி எரிந்தது.

ஓடினான். படியில் யாரும் இல்லை. அறையில் யாரும் இல்லை. கட்டிலில் ரோஸ்மேரி. அள்ளித் தூக்கினான், எப்போதும்போல் லேசாக இருந்தாள். கீழே கொண்டுவந்து வேலைமேசை மேல் உட்கார வைத்தான்.

சிறுமலை வாழைப்பழச் சீப்போடு அமலராணி வாசலில் நின்றாள்.

"ஏங்க. புள்ள காலு அசையுது."

அசைந்தது. தொங்கிய கால்கள் காற்றை மிதித்தன. வலது. இடது. வலது. அவன் எண்ணினான். பத்தில் நின்றன. அமலராணி சிலுவை போட்டுக்கொண்டு, அழுதபடியே சிரித்தாள். தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவன் மண்டியிட்டுக் குனிந்தான்.

வலது கால் உயர்ந்தது. இல்லாத படியைத் தேடித் துழாவியது. அவன் தோளில் பட்டது. ஊன்றியது.

எட்டு வயதுக் கனம் இல்லை அது. தரையில் ஊன்றிய அவன் கைகள் மடங்கின. கன்னம் தரையில் பதிந்தது. இடது காலும் முதுகில் வந்து சேர்ந்தது.

"அப்பா," என்றாள் ரோஸ்மேரி, வெகு உயரத்திலிருந்து. "நான் ஏறலப்பா."

அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. வாசல் மட்டும் தெரிந்தது. அமலராணி இப்போது சிரிக்கவில்லை. அவள் பார்வை மகளின் முகத்தைத் தாண்டி, மெல்ல மெல்ல, இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது.