பதினெட்டு நிமிடப் பேய்

"என் வீட்டுக்காரர் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளதான் இருக்காராம் சார்," என்றாள் எவாஞ்சலின். காப்பீட்டு விசாரணையாளர் சௌந்தரராஜனின் மேசைக்கு எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவள் கணவன் டெல்வின், போச்சம்பள்ளி ஆலையில் பிரஸ் மெஷினில் சிக்கி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அவன் அழுத்தவே இல்லை, எல்லாம் அவன் தவறுதான் என்று நிர்வாகம் எழுதிவிட்டது. கேமரா வீடியோவில் விபத்து நடந்த பத்து நிமிடம் மட்டும் காணவில்லை.

"கேமரா ரூம் ஜெகதீஷ் அண்ணன்தான் சொன்னாரு. அந்த வீடியோவுக்கு 'கவனக்குறைவு'ன்னு பேர் மாத்தினாராம். பதினெட்டு நிமிஷம் மாறவே இல்லையாம். உள்ள இருக்கற இவர் ஒத்துக்கலையாம்."

சௌந்தரராஜன் அவளையும் உதவியாளர் பிரியதர்ஷினியையும் அழைத்துக்கொண்டு மறுநாள் காலையே ஆலைக்குப் போனார். கேமரா அறைக் கம்ப்யூட்டர் மேல் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். மேசையெல்லாம் தூசி, உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தது.

"பெரிய ஃபைல் சார். வைரஸ் சோதனை ஓடியிருந்தா லேட் ஆகும்ல?" என்றாள் பிரியதர்ஷினி.

"ஆகலாம். அது இப்பவும் ஓடுது. நீயே மாத்திப் பாரு."

அதே அளவுள்ள வேறொரு வீடியோவுக்கு அவள் பெயர் மாற்றினாள். உடனே மாறியது.

"பேர் மாத்தறது மூட்டை மேல சீட்டு மாத்தி ஒட்டற வேலை. மூட்டை எவ்ளோ கனமா இருந்தா என்ன? பதினெட்டு நிமிஷம் ஆச்சுன்னா, மூட்டையே வேற குடோனுக்குப் போயிருக்கு." அவர் சுத்தமான சதுரத்தில் விரல் வைத்தார். "நேத்து வரைக்கும் இங்க ஒரு டிஸ்க் இருந்துச்சில்ல, ஜெகதீஷ்?"

ஜெகதீஷ் சாப்பாட்டுப் பையிலிருந்து டிஸ்கை எடுத்து நீட்டினான்.

"மேனேஜர் வெட்டி அழிச்சுடுன்னாரு சார். செத்தவன அழிக்க எனக்குக் கை வரல. முழுசையும் இதுல காப்பி பண்ணிட்டுத்தான் அங்க வெட்டினேன். காப்பி ஓடறத லைன் ஆளுங்க பாத்துட்டாங்க. அதான் பேர் மாத்தறேன், பேய் விடலன்னு சொல்லிட்டேன். சந்தேகம் வராம இருக்க காப்பிக்கும் அந்தப் பேரையே வெச்சேன்."

வீடியோ ஓடியது. டெல்வின் சிவப்புப் பொத்தானை மூன்று முறை அழுத்தினான். மெஷின் நிற்கவில்லை. நான்காம் முறைக்கு அவனுக்கு நேரமில்லை.

எவாஞ்சலின் திரைமேல் கை வைத்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேல 'கவனக்குறைவு'ன்னு இருக்கே, அத எடுத்துடுங்க அண்ணா. அவர் பேர எழுதுங்க," என்றாள்.

ஜெகதீஷ் எழுதினான். கண் மூடித் திறப்பதற்குள் மாறிவிட்டது.