பெரிய கல்லின் குட்டி

இங்வில்டின் மேல்சட்டைப் பைக்குள் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. அதில் பத்து வயது அம்மா நிற்கிறாள். இடது கை ஒரு பெரிய கல்லின் மேல், வலது கை மலையிலிருந்து உறைந்து இறங்கும் பனியாற்றின் மேல். சிரிக்கிற வாயில் ஒரு பல்லைக் காணோம்.

இங்வில்டுக்கும் இப்போது பத்து வயது. அதே கல்லையும் அதே பனியையும் தொட்டுக்கொண்டு அவளும் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மாதான் எடுப்பதாக இருந்தது. ஆனால் கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் அம்மாவுக்கு வேலை. அங்கே ஒருவர் காலை உடைத்துக்கொண்டதால், அவருக்குப் பதிலாக அம்மா போக வேண்டியதாயிற்று.

அம்மா படுத்துத் தூங்குவதற்காகக் காரில் ஏற்றியிருந்த நான்காவது தூக்கப் பையை இங்வில்டே இறக்கி வைத்தாள்.

காலையில் மலையடிவாரத்தில் போட்டிருந்த கூடாரத்தை மூடிவிட்டு, அப்பா, இங்வில்ட், தம்பி ஷூர் மூவரும் வழிகாட்டி தூருனுடன் நடக்கத் தொடங்கினார்கள். பாதையோரத்தில் அடையாளத்துக்காகக் கற்களைக் குவித்திருந்தார்கள். கடந்து போகிறவர்கள் ஆளுக்கொரு கல் வைப்பது வழக்கம். தம்பி ஷூருக்கு ஆறு வயது. அடுத்த குவியலுக்குப் பக்கத்தில் கல் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பொறுக்கிக்கொண்டு வந்தான். கல்லைத் தவிர வேறொன்றும் இல்லாத மலையில் கல்லைச் சேமித்து வைத்தவன் அவன் ஒருவன்தான்.

"அக்கா, என் கால்சட்டை கழலுது."

"கழலாம என்ன பண்ணும்? மலையையே பைக்குள்ள போட்டு வச்சிருக்க."

ஒரு திருப்பத்தில், படத்தில் இருந்த அதே பெரிய கல் சிவப்புக் குறியோடு தெரிந்தது. இங்வில்ட் ஓடிப்போய் இடது கையை அதன் மேல் வைத்தாள். வலது கையை நீட்டினாள். காற்றுதான் இருந்தது.

"பனி எங்கே?"

தூருன் மேலே காட்டினாள். தொலைவில், இரண்டு மலைகளுக்கு நடுவே நீலமாக ஏதோ தெரிந்தது.

"இன்னும் முக்கால் மணி நேரம் நடக்கணும். உங்கம்மா வந்தப்போ இங்க வரைக்கும் இருந்துச்சு. இப்போ வருஷா வருஷம் உருகி, பின்னாடி போயிட்டே இருக்கு."

அப்பா தலையைச் சொறிந்தார். "நான் அம்மாவோட பழைய வரைபடத்தைத்தான் பார்த்தேன்."

இங்வில்ட் நீட்டிய கையை இறக்கினாள். அம்மாவும் தள்ளிப் போய்விட்டாள், பனியும் தள்ளிப் போய்விட்டது.

"இங்க ஒரு படம், அங்க ஒரு படம் எடுத்துக்கலாமே," என்றார் அப்பா.

"அது வேறப்பா. அம்மா ரெண்டையும் ஒண்ணா தொட்டாங்க."

ரொட்டியும் பழுப்புச் சீஸும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இங்வில்ட் தன் ரொட்டியைத் தொடவில்லை. ஷூர் பெரிய கல்லின் அடியில் எதையோ நோண்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இங்க பாரேன். இது இந்தக் கல்லோட குட்டி. அதே வெள்ளைக் கோடு இதுலயும் இருக்கு."

அவன் உள்ளங்கையில் ஒரு சின்னக் கல். இங்வில்ட் அதைப் பார்த்தாள், பெரிய கல்லைப் பார்த்தாள், தொலைவில் இருந்த நீலத்தைப் பார்த்தாள்.

"ஷூர், இதைக் கொஞ்ச நேரம் எனக்குத் தர்றியா?"

"என்கிட்ட இருக்கிறதுலயே இதுதான் அழகு."

"தந்தா, உன்னோட மத்த கல்லையெல்லாம் நான் சுமக்கிறேன்."

ஷூர் உடனே ஒப்புக்கொண்டான். ஒவ்வொன்றாக எடுத்து அக்காவின் முதுகுப்பையில் போட்டான். மொத்தம் முப்பத்தொன்று.

பனியாற்றின் அருகே தூருன் எல்லோருடைய இடுப்பிலும் கயிறு கட்டி அழைத்துப் போனாள். இங்வில்ட் இடது கையில் குட்டிக் கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையைப் பனிமேல் வைத்தாள். சில்லென்ற தண்ணீர் சட்டைக் கைக்குள் ஓடியது. அப்பா படம் எடுத்தார். கேமராவுக்குப் பின்னால் அம்மாவின் முகம் இருந்திருக்கலாம் என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

மாலையில் கூடாரத்துக்குத் திரும்பியதும் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அப்பா போனை நடுவில் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டையும் தொட்டியாடி?" என்று கேட்டாள் அம்மா.

"தொட்டேம்மா. ஒரு கை விறைச்சுப் போச்சு, ஒரு கை வேர்த்துப் போச்சு." நடந்ததையெல்லாம் இங்வில்ட் சொன்னாள்.

அம்மா சிரித்தாள். "குட்டியை வீட்டுக்குக் கொண்டு வர்றியா?"

"இல்லம்மா. திரும்பி வரும்போது பெரிய கல்லு பக்கத்துலயே வச்சுட்டோம். அம்மா இல்லாம அது எப்படி இருக்கும்?"



"நான் வீட்டுக்கு வர இன்னும் ஒன்பது நாள்தான்," என்றாள் அம்மா.

இங்வில்ட் ஒன்பது விரல்களை மடக்கினாள். மிச்சமிருந்த ஒரு விரலை ஷூர் பிடித்துக்கொண்டான்.