தில்லைநாயகி ஸ்பானிஷ் படித்த கதை

செவ்வாய்க் கிரகத்துப் பனிப்பட்டியில் கணவனும் மனைவியும் தினமும் விடிந்ததும் சிறிது நேரம் அந்நியராகிவிடுவது வழக்கம். காதுக்குள் இருக்கும் மொழிமணியைக் கழற்றி, உப்புநீரில் அலசி, உலர்த்தி, மறுபடி செருகும்வரை ஒருவர் பேச்சு மற்றவருக்கு வெறும் ஓசை. அதனால் அந்த நேரத்தில் யாரும் பேச மாட்டார்கள். பல் துலக்குவார்கள். பனி அகழ்வதற்குச் சிலியிலிருந்து ஒரு கூட்டமும், கூடாரத்துக்குள் பயிர் வளர்ப்பதற்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டமும் வந்து சேர்ந்த ஊர் அது. மணியோடு காதலித்தார்கள், மணியோடு கல்யாணம் செய்துகொண்டார்கள், மணியோடு சண்டையும் போட்டார்கள்.

தில்லைநாயகியும் எவரிஸ்தோவும் அப்படித்தான் வாழ்ந்துவந்தார்கள். ஒருநாள் அவன் காது நரம்பு வீங்கிப்போய், மருத்துவர் அவனுடைய மணியை எடுத்துவிட்டார். அவள் காதில் மணி இருந்ததால் அவன் ஸ்பானிஷில் பேசுவது அவளுக்குப் புரிந்தது. அவள் தமிழில் பேசுவதுதான் அவனுக்கு எட்டவில்லை. தட்டை நீட்டினால் வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான். இப்படியே போனால் இந்த வீட்டின் சாமான்களில் தானும் ஒன்றாகிவிடுவோம் என்று அவளுக்குப் பயம் வந்தது. நாற்பது தாண்டிய வயதில் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தாள்.

வகுப்பு வாசலில் செருப்பையும் மணியையும் கழற்றிவிட வேண்டும். ஆசிரியை ரெமெதியோஸுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆப்பிள் படத்தைக் காட்டி ஏதோ சொல்வாள். நரைத்த தலைகள் அதைத் திருப்பிச் சொல்லும். பனிப்பட்டியில் ஆப்பிள் விளைந்ததில்லை. ரயிலும் கிடையாது. ஆனாலும் ரயில் நிலையத்துக்கு வழி கேட்கப் படித்தார்கள்.

“எஞ் சம்சாரத்துக்கிட்டப் போயி ஸ்டேஷன் எங்கன்னு கேட்டேங்க்கா,” என்றான் பக்கத்தில் உட்காரும் கோமதிநாயகம். “போறதுன்னா போ, நான் தடுக்கலைன்னுட்டா.”

அவள் சிரித்தாள். ஆனால் பயிர்க்கூடத்தில் தக்காளிச் செடிகளிடம் வினைச்சொற்களை ஒப்பிக்கும்போது அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. மாலையில் அவள் வீடு திரும்பும்போதெல்லாம் எவரிஸ்தோ ஒன்று சொல்வான். “ஏன் முகம் வாடியிருக்கிறது, கண்ணே? என் பக்கத்தில் வந்து உட்கார்.” மணியின் பளிங்குக் குரலில் அத்தனை வருடம் கேட்டதை, ஒருமுறையாவது அவன் குரலில், அவன் மொழியில் கேட்க வேண்டும்.

ஒருநாள் வகுப்பு முடிந்து செருப்பை மாட்டியவள் மணியை மறந்துவிட்டாள். பாதி வழியில் நினைவு வந்தும் திரும்பிப் போகவில்லை. இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கதவைத் திறந்து, “வந்துட்டேன்,” என்றாள்.

எவரிஸ்தோ சுவர்த்திரையில் ஓடிய பந்தாட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “ம்,” என்றான்.

அவள் காத்திருந்தாள். வேறெதுவும் வரவில்லை.

மறுநாள் வகுப்பு வாசலிலிருந்து மணியை எடுத்துக்கொண்டு, மணி பழுது பார்க்கும் பீர்முகமதிடம் போனாள்.

“அது நிறைவுரைக்கா,” என்றான் அவன். “ஆளு சும்மா முனகினாப் போதும். அக்கறையுள்ளவரா இருந்தா என்ன சொல்லியிருப்பாரோ, அத மணியே சொல்லிரும்.”

“யாருப்பா கேட்டா இத?”

“யாரும் கேக்கல. வரும்போதே அப்படித்தான் வருது. எல்லா வீட்லயும் ஓடுது.”

ஒரு காலத்தில் பூமியில் மனிதர்கள், கைப்பேசி எழுதி நீட்டிய பதில்களில் ஒன்றைத் தொட்டு மனைவிக்கும் அம்மாவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தொடும் சிரமமும் எதற்கு என்று யாரோ நினைத்ததன் விளைவு இது.

அன்று மாலை அவள் மணியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். தெரிந்த ஸ்பானிஷ் அத்தனையையும் கூட்டி ஒரு சண்டைக்குத் தேவையானதைத் தயார் செய்திருந்தாள். நீ என்னோடு பேசவில்லை. ஒரு நாளும் பேசவில்லை. ஒவ்வொரு சொல்லும் சரியாக நாக்கில் நின்றது.

அவன் முந்திக்கொண்டான்.

“தில்லா,” என்றான், குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக. “முன்னெல்லாம் ராத்திரி கேட்பாய். இங்கே வலிக்கிறதா என்று. மணி போன பிறகு நீ கேட்கவேயில்லை.” இடுப்புக்குமேல் முதுகில் கைவைத்துக் காட்டினான். மணியில்லாமலே அவளுக்குப் புரிந்தது.

அவள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. அவனுக்கு வலி இருப்பதே அவளுக்குத் தெரியாது. நாற்றுகளின் கணக்கைப் பார்த்துக்கொண்டே அவள் எத்தனை இரவுகள் “ம்” கொட்டியிருப்பாள்? கொண்டுவந்த சண்டை வாய்க்குள்ளேயே கரைந்தது.

மறுநாள் வகுப்பில் கையை முதுகில் வைத்துக்கொண்டு ரெமெதியோஸின் முன்னால் நின்றாள். உடலுறுப்புகள் பின்னால் வரும் பாடம். ஆனாலும் ரெமெதியோஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் முதுகைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தாள்.

“என்னக்கா, எங்களையெல்லாம் விட்டுட்டு முன்னால ஓடுறீங்க,” என்றான் கோமதிநாயகம்.

“இல்ல தம்பி. ரொம்பப் பின்னால இருக்கேன்.”

வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். எவரிஸ்தோ சுவர்த்திரையை அணைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் அவன் பக்கத்தில் அமர்ந்து, முதுகில் கைவைத்து, தட்டுத் தடுமாறிய ஸ்பானிஷில் கேட்டாள்.

“இன்றைக்கு முதுகு மிகவும் வலிக்கிறதா?”

அவன் கண்கள் கலங்கின. கழுத்தைத் திருப்பித் தாடையெலும்பைக் காட்டினான். அங்கே தோலோடு தோலாகப் புதுவகை மணி ஒன்று ஒட்டியிருந்தது. காது நரம்பே தேவைப்படாத வகை.

“உன்னிடம் சொல்லாமல் வாங்கினேன்,” என்றான். “பார், பழையபடி கேட்கிறாய். இனி நீ அந்த வகுப்புக்குப் போய்க் கஷ்டப்பட வேண்டாம்.”

“இல்லை,” என்றாள் அவள் ஸ்பானிஷில். “இது நான்.”

எவரிஸ்தோ தாடையைத் தடவிக்கொண்டு வியந்தான்.

“குரல்கூட உன்னுடையது மாதிரியே இருக்கிறது.”