கடைசியாய் விழுந்த நங்கூரம்

“ஹலோ... ஏங்க... உள்ளே யாராவது இருக்கீங்களா? உங்க வீடு எங்க வீட்டு மேல வந்து மோதப் போகுது!”

அடுப்பில் பால் பொங்கும் நேரம். கரண்டியும் கையுமாக அவள் அப்படியே நின்றாள். வீடு வந்து மோதுமா? கொட்டுகிற மழையில் எவன் இவன், உளறிக்கொண்டு...

அடுத்த நொடி உறைத்தது. ஐயோ... நம் வீடு மிதக்கிற வீடாயிற்றே!

ஐந்து படிகளை இரண்டே தாவலில் தாண்டி மேலே ஓடினாள். மழை முகத்தில் சுளீரென்று அடித்தது. எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், கருவிகளும் பழைய இயந்திரங்களும் அடைத்த சின்னப் படகு ஒன்று. அதன் நுனியில் ஒருவன், ஒரு காலைத் தன் படகிலும் இன்னொரு காலை அவள் படகின் விலாவிலும் ஊன்றி, இரண்டும் முட்டாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. இமைகளில் துளித் துளியாக மழை... அதற்குள் இரண்டு கண்கள், சிரிக்கலாமா திட்டலாமா என்று யோசித்தபடி.

“நங்கூரம் போட்டிருக்கீங்களா, இல்ல கயித்துல கூழாங்கல்லைக் கட்டி விட்டிருக்கீங்களா?”

“எங்க நங்கூரத்துக்கு என்ன குறைச்சல்? உங்களை யாரு நடுவழியில வந்து நிக்கச் சொன்னது?”

“நான் மூணு மணிக்கே வந்து நின்னுட்டேங்க. நீங்கதான் இப்ப புறப்பட்டு வர்றீங்க... சொல்லாம கொள்ளாம!”

நல்ல பதிலாக ஒன்று கொடுக்க நினைத்தாள். வந்ததோ சிரிப்பு. சட்டென்று அடக்கிக்கொண்டாள்.

துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிற படகு அது. வேலையும் அதில்தான், குடித்தனமும் அதில்தான். மதுவை மோந்துகூடப் பார்க்காத அவளுடைய அப்பாவுக்குத் துறைமுகம் முழுக்க ‘தண்ணிக்காரர்’ என்று பெயர்! அன்றைக்கு அவர் அம்மாவோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். படகில் அவளும், அண்ணியும், அண்ணியின் ஒரு வயதுக் குழந்தையும் மட்டும். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். காலிப் படகைக் கேட்கவே வேண்டாம். புயல்போல வந்த காற்று அதை நங்கூரத்தோடு சேர்த்து இழுத்து வந்துவிட்டது.

“உங்களுக்கு ஓட்டத் தெரியுமா? இல்ல... நான் வந்து ஓட்டட்டுமா?”

கேட்டிருக்கக் கூடாது. அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

“காலை எடுங்க. அது போதும்.”

நங்கூரத்தைத் தூக்கிவிட்டுச் சுக்கானைப் பிடித்தாள். அவன் படகின் வலப்பக்கமாக நழுவி, பின்னால் அரைவட்டம் அடித்து, காற்றுக்கு முகத்தைக் கொடுத்து நிறுத்தி, சரசரவென்று நங்கூரத்தை இறக்கினாள். இந்த முறை பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்க, கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுத் திரும்பினால்... அவன் மழையிலேயே வாய் பிளந்து நின்றான்.

“நான் கேட்ட கேள்வியை வாபஸ் வாங்கிக்கறேங்க!”

இப்போது சிரித்தேவிட்டாள். அவனும். மழை பெய்துகொண்டே இருந்தது... இருவருமே உள்ளே போகவில்லை. பால் தீய்ந்த வாடை மூக்கில் ஏறிய பிறகுதான், “ஐயோ, அடுப்பு!” என்று ஓடினாள்.

கீழே, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணி அடுப்பை அணைத்திருந்தாள்.

“யாரும்மா அது? மழைச் சத்தத்தோட சிரிப்புச் சத்தமும் கேட்டுதே?”

“யாரோ மெக்கானிக் போல. ஊர் ஊரா போற படகு. மழைக்கு ஒதுங்கியிருக்காரு.”

“சரி. உன் முகம் எதுக்குச் சிவந்திருக்கு?”

“அடுப்பு வெக்கை.”

“அடுப்பை அணைச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு தாயே!”

வெட்கத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அப்பாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. இனிப் படகு ஓட்டக் கூடாது என்று போன மாதமே டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் தொலைதூரக் கப்பலில் வேலையாகப் போய்விட்டான். லைசென்ஸ் உள்ள ஆள் இல்லாவிட்டால் படகை ஓரமாகக் கட்டிப்போட வேண்டியதுதான்... கரையில் ஏதாவது ஒரு அறைக்குக் குடிபோக வேண்டியதுதான். அவள் பிறந்தது, தவழ்ந்தது, எழுதப் படிக்கக் கற்றது எல்லாம் இந்தப் படகில். மறுநாள் மூன்று மணிக்கு அவளுக்கு ஓட்டுநர் பரீட்சை. தவறவிட்டால் அடுத்தது ஆறு மாதம் கழித்து. அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: “லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும், நான் பக்கத்துல இல்லாம சுக்கானைத் தொடக் கூடாது. தொட்டேன்னு தெரிஞ்சா பரீட்சைக்கே அனுப்ப மாட்டேன்.”

“அண்ணி... அப்பாகிட்ட...”

“என் வாயில பூட்டு. போதுமா?”

மாலையில் ஒரு கண்ணில் கட்டோடு அப்பா வந்தார். அம்மாதான் சுற்றுமுற்றும் பார்த்தாள். “ஏங்க... படகுத்துறை கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இல்ல?”

“மழை பெஞ்சா எல்லாம் அப்படித்தான் தெரியும் அத்தை,” என்றாள் அண்ணி, ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே. அம்மா மருமகளை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

மறுநாள் பளிச்சென்று வெயில். அவள் தலையை வாரிப் பின்னி, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து தயாராக இருந்தாள். பக்கத்துப் படகை ஒன்பது முறை பார்த்தாள். பத்தாவது முறை பார்த்தபோது அவனும் பார்த்தான். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்கு நங்கூரத்தைத் தூக்க உருளையைச் சுற்றினார்கள். இரண்டு ஆள் நீளத்துக்குச் சங்கிலி மேலே வந்தது. பிறகு... ஊஹூம். அசையவில்லை.

அப்பா குனிந்து சங்கிலியைக் கையால் தடவிப் பார்த்தார். கண் மங்கினாலும் அந்தக் கைக்கு எல்லாம் தெரியும். நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது.

“ஏ மெக்கானிக்! உன் சங்கிலி எங்க நங்கூரத்துல மாட்டியிருக்குய்யா! எப்ப வந்து நின்னே?”

“நேத்து மூணு மணிக்குங்க ஐயா.”

“நாங்க ஒரு மாசமா இங்க நிக்கறோம். அப்ப யாரு கடைசி? கடைசியா போட்டவன்தான் மேல கிடப்பான், அவன்தான் முதல்ல எடுக்கணும். தண்ணியில பொழைக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா?”

கடைசியாகப் போட்டது அவன் இல்லை. நேற்று ஐந்து மணிக்கு, மழையில், அவன் படகைச் சுற்றி வந்து நங்கூரத்தை இறக்கியவள்... அவள்!

அது அவனுக்கும் தெரியும். கண்ணால் பார்த்தவன். அவன் பார்வை மெல்ல அவள் பக்கம் திரும்பியது. வெளிறிப்போன முகத்தைப் பார்த்தது. இஸ்திரிச் சட்டையைப் பார்த்தது. எவ்வளவு புரிந்துகொண்டானோ...

“ஆமாங்க ஐயா. நான்தான் கடைசி. மன்னிச்சிருங்க... இப்பவே எடுத்துடறேன்.”

அவள் அவனையே பார்த்தாள். ஏன்? யாரோ ஒருத்திக்காக ஏன் இப்படி?

அவன் தன் சங்கிலியை இழுத்தான். வரவில்லை. எப்படி வரும்? அடியில் கிடப்பது அவனுடையது. அதன் மேல் உட்கார்ந்திருப்பது இவர்களுடையது. இரண்டு நங்கூரத்தைச் சேர்த்து இழுக்க அந்தச் சின்னப் படகால் முடியுமா? அதன் மூக்கு தண்ணீருக்குள் குனிந்ததுதான் மிச்சம். மணி இரண்டு... இரண்டு பத்து.

“சங்கிலி போடத் தெரியாதவன் எல்லாம் படகு வச்சுக்கிட்டு... உன்னால என் பொண்ணு பரீட்சை போகுதேய்யா! எங்க வாழ்க்கையே அதுல இருக்குய்யா!”

அவன் வியர்வையைத் துடைத்தான். பிறகு உள்ளே போய், இரும்பு அறுக்கும் ரம்பத்தோடு வந்தான்.

“என் சங்கிலியை அறுத்து விட்டுடறேங்க ஐயா. நங்கூரம் போனா போகுது. நீங்க நேரத்துக்குக் கிளம்புங்க.”

ரம்பம் சங்கிலியில் பட்டது. ஒரு முறை... இரு முறை...

“வேணாம்!”

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். “அறுக்காதீங்க! அப்பா... கடைசியா போட்டது நான்.”

அப்பா திரும்பினார். அம்மா படியில் பாதியில் நின்றாள். அண்ணி, தண்ணீரில் விழாமலிருக்க இடுப்பில் கயிறு கட்டியிருந்த குழந்தையைத் தூக்கி அணைத்துக்கொண்டாள்.

“நேத்து காத்துல படகு நகர்ந்து போச்சுப்பா. நான்தான் ஓட்டினேன். நான்தான் நங்கூரம் போட்டேன்... அவர் சங்கிலி மேல. அவர் எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டாரு. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.”

“சுக்கானைத் தொடாதேன்னு சொன்னேனா, இல்லையா?”

“சொன்னீங்க.”

“தொட்டியா?”

“தொடலேன்னா அண்ணியும் பாப்பாவும் இருக்கற படகு போய் மோதியிருக்கும்பா. பரீட்சைக்கு அனுப்பலேன்னாலும் பரவாயில்ல. ஆனா அவரைத் திட்டாதீங்க... என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியல.”

கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை.

அப்பா அண்ணியையும் குழந்தையையும் திரும்பிப் பார்த்தார். பிறகு, “காலித் தொட்டியோடயா?” என்றார்.

“ம்...”

“அந்தக் காத்துலயா?”

“ம்...”

“தனியாவா?”

“ஆமாப்பா.”

அவர் சுக்கான் பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்து வழி விட்டார். “எந்தப் பக்கமா சுத்தினே?”

“அவருக்கு வலப்பக்கமா போய்... பின்னால அரைவட்டம்.”

“அப்ப அதே வழியா திரும்பு. போட்டவளுக்குத்தான் எடுக்கற வழி தெரியும். சங்கிலியை நான் பாத்துக்கறேன். ம்... நிக்காதே, பரீட்சைக்கு நேரமாகுது!”

அவளுக்கு இறக்கை முளைத்துவிட்டது. அவன் தன் சங்கிலியைத் தளர்த்திக் கொடுத்தான். அவள் நேற்றுப் போன வழியை இன்று பின்னோக்கிப் போனாள். வட்டம் முடியும் இடத்தில் சங்கிலி கலகலவென்று மேலேறியது. சேறும் பாசியுமாக நங்கூரம் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தது. அப்பா கைதட்டினார்... அவரேதான்!

“தம்பி!” என்று கூப்பிட்டார். “வயசுக்கு ஏத்த மாதிரி நான் பேசல. மனசுல வச்சுக்காதே.”

“பரவாயில்லைங்க ஐயா. எங்கப்பா இதைவிட நல்லாவே திட்டுவாரு.”

மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது படகுத்துறையை நெருங்கினார்கள். பரீட்சை அதிகாரி குடையோடு நின்றார். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. இரண்டு பெரிய படகுகளுக்கு நடுவே ஒரு இடுக்கைக் காட்டி, “அங்க நிறுத்துங்க. எதுலயும் இடிக்கக் கூடாது” என்றார்.

இடுக்கா அது? அவளுக்கு இன்று மைதானம். காற்றைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டே இயந்திரத்தைத் தணித்து, இஞ்ச் இஞ்சாக நுழைத்து, கயிற்றைத் தூணில் மாட்டினாள். கீழேயிருந்து அம்மா தலையை நீட்டினாள். “என்னடி, எப்பத்தான் நிறுத்தப் போறீங்க?”

“வந்து நின்னாச்சு அத்தை!” என்றாள் அண்ணி.

அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். அங்கேயே லைசென்ஸில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். “என் பொண்ணுய்யா... என் பொண்ணு!” என்று அப்பா போவோர் வருவோரை எல்லாம் நிறுத்திச் சொன்னார். வீடு நகரும். இனி எப்போதும் நகரும். அவள் காகிதத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் பார்த்தாள். அந்தச் சின்னப் படகு நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு துறைமுக வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மழைக்கு ஒதுங்கியவன்தானே... மழை விட்டது, கிளம்பிவிட்டான்.

“போறாரு போல...” என்றாள் அண்ணி. இந்தமுறை அவள் குரலில் கிண்டல் இல்லை.

போகட்டும் என்று விட்டுவிடவா? ஒரு பெண் எப்படித் தானாக... ஆனால் இன்றைக்கு ஒரு உண்மையைச் சொன்னோமே, உயிரா போய்விட்டது? உயிர் வந்ததல்லவா!

அவள் படகின் நுனிக்கு ஓடினாள்.

“ஏங்க...! எனக்கு உங்களை...”

அவன் திரும்பிக் காதில் கை வைத்தான். இயந்திரம் தடதடத்தது. “என்ன? கேக்கல!”

“எனக்கு... உங்களை...!”

“கேக்கலைங்க! இருங்க!”

அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து அவள் கத்தவும், அவன் இயந்திரத்தை அணைக்கவும் சரியாக இருந்தது. சட்டென்று நிசப்தமான துறைமுகத்தில் அவள் குரல் மட்டும் மணி அடித்த மாதிரி ஒலித்தது.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு!”

அதிகாரியின் பேனா நின்றது. பக்கத்துப் படகுகளில் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. குழந்தை கைதட்டியது. அவளுக்கு அப்படியே தண்ணீரில் குதித்துவிடலாமா என்றிருந்தது. மெல்ல அப்பாவைப் பார்த்தாள். அவர் தொண்டையைக் கனைத்தார்.

“அவன் எங்க போறான்? வந்து கட்டச் சொல்லு!”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. “படகைச் சொன்னேன்... படகை!”

“எதைச் சொன்னா என்ன, சொன்னது நல்ல வார்த்தைதானே,” என்றாள் அம்மா.

அவன் படகு திரும்பி வந்தது. அவள் கயிற்றை வீசினாள். ஒரே எட்டில் பிடித்தான். இரண்டு படகும் உரசி நின்றன. காது வரை சிவந்திருந்தான்.

“நேத்து மழை விட்டதுமே கிளம்பியிருக்கணுங்க...” என்றான் மெதுவாக. “என் சங்கிலி மேல உங்க நங்கூரம் கிடந்தது ஒரு சாக்கு. அது இல்லேன்னாலும் போயிருக்க மாட்டேன். இப்பகூட வாசல் வரைக்கும்தான் மனசு வந்துச்சு. எனக்கும்... உங்களை...”

“என்னை மட்டும் ஊரே கேக்கற மாதிரி கத்த வச்சீங்க. நீங்க ரகசியமா சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு பாக்கறீங்களா?”

அவன் அவள் கண்களைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். பிறகு இயந்திரப் பெட்டியின் மேல் ஏறி நின்று, இரண்டு கைகளையும் வாயில் குவித்துக்கொண்டு, துறைமுகம் முழுவதும் கேட்கும்படி சொன்னான்.

“எனக்கும் இவங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க!”